உள்மடிப்பில் ஈரம்

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்குமான மெட்ரோ 2021 பிப்ரவரி 14 அன்று ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அறிவிப்பில் வரும் ஸ்டேஷன் பெயர்களைக் கவனித்துக்கொண்டே வந்தால் இந்தப் பாதை முக்கால்வாசி துணிக்கதை, மீதி தீக்குச்சிக் கதை. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணியை வெளுத்து, காயவைத்து, மடித்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. வழியில் காலடிப்பேட்டை. யாருடைய காலடியும் அங்கே பதியவில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரில் நெசவாளர்களுக்காக உருவான ஊர், நம் வாயில் புகுந்து அப்படி ஆகிவிட்டது. கடைசியில் விம்கோ. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம். ஸ்வீடன்காரர்கள் 1923இல் ஆரம்பித்த தீப்பெட்டிக் கம்பெனி. ஆலையின் பெயரே ஊரின் பெயராக நின்றுவிட்டது.

துணி வெளுப்பவருக்கும் தீக்குச்சி செய்பவருக்கும் ஒரு தலைவலி பொது. ரெண்டு பேருமே பொருளை முதலில் நனைக்க வேண்டும், அப்புறம் காயவைக்க வேண்டும், காய்ந்துவிட்டது என்று யாராவது ஒருவர் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவை எங்கள் வீட்டில் ஒரு மெஷின் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டியதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விம்கோ நகரில் துணி காயவைக்க மெஷின் வாங்கினோம் என்று சொன்னால் ஆபீஸில் சிரிக்கிறார்கள். சென்னையில் வெயிலுக்கா பஞ்சம் என்கிறார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லை. எங்கள் மொட்டைமாடியில் வெள்ளைத் துணியைக் காலையில் கொடியில் போட்டுவிட்டு மத்தியானம் எடுத்தால், மேல்மடிப்பில் மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்பாக இருக்கும். விரலால் தட்டினால் போகாது, தேய்த்தால் கோடாக இழுத்துக்கொண்டு போகும். சுற்றிலும் கரி இறங்குகிறது, கரி எரிகிறது, லாரி ஓடுகிறது. எந்தக் குவியலின் தூள் எங்கள் கொடியில் விழுகிறது என்று துணியைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

இதற்கு ஒரு சின்ன முன்கதை உண்டு. ராயபுரம் பக்கத்து ஜனங்கள் சென்னைத் துறைமுகத்தின் கரித்தூசு பற்றி வருடக்கணக்காகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம், அங்கே நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளக் கூடாது என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்தில்லை. கரி அதன்பிறகு எண்ணூர்த் துறைமுகத்துக்கு வந்தது. ராயபுரத்துக் கொடிக்கயிறுகளின் வழக்கு முடிந்தது என்று அந்தக் கோப்பில் எழுதியிருப்பார்கள். கோப்பில் 'முடிந்தது' என்று எழுதுவதும் மெஷின் 'முடிந்தது' என்று பாட்டுப் பாடுவதும் எனக்கு இப்போது ஒரே மாதிரி கேட்கின்றன.

இருந்தாலும் கரித்தூளுக்காக மட்டும் ட்ரையர் வாங்கவில்லை. அதற்கெல்லாம் எங்கள் தெரு எப்போதோ பழகிவிட்டது. துணியை உதறி மடித்து வைக்கும் அந்த உதறலே இங்கே ஒரு தனிப் பாணி.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. படுக்கையோடு ஆனார். வலது கை, கால் வேலை செய்யாதது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றை டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: வலது பக்கம் தொடு உணர்வு ரொம்பக் குறைவு. சூடு, குளிர், ஈரம் எதுவும் அந்தப் பக்கம் அவருக்குச் சரியாகத் தெரியாது. "அவரா சொல்ல மாட்டாருங்க. நீங்கதான் பாத்துக்கணும்." ஈரத்தில் கிடந்தால் தோல் ஊறும். ஊறின தோல் திருப்பிப் படுக்கவைக்கும்போது சின்ன உரசலுக்கே பிய்யும். அங்கே ஆரம்பிப்பதுதான் படுக்கைப்புண். அது எலும்புவரை போன கதைகளை ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டிருக்கிறோம்.

ஒரு நாளைக்கு நாலு பெட்ஷீட், இடுப்புக்கு அடியில் குறுக்கே போடும் சின்ன ஷீட் ரெண்டோ மூன்றோ, லுங்கி, துண்டு. கார்த்திகை மழையில் இதெல்லாம் வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் தொங்கியது. கடல் பக்கத்து ஊர், காற்றிலேயே தண்ணீர். மறுநாளும் காயாது. காய்ந்த மாதிரி இருக்கும், படுத்தால் சில்லென்று இருக்கும். அதனால் ட்ரையர்.

முதல் ரெண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது. பருத்தித் துணிக்கான புரோகிராம் போட்டால் திரையில் 1 மணி 50 நிமிஷம் என்று காட்டும். நாற்பத்தைந்தாவது நிமிஷத்தில் அந்த முடிவுப் பாட்டைப் பாடிவிட்டு நின்றுவிடும். கதவைத் திறந்தால் சூடான ஈரம் முகத்தில் அடிக்கும். மறுபடி போட்டால் இருபது நிமிஷத்தில் மறுபடி அதே பாட்டு.

சர்வீஸ் ஆள் வந்தார். மெஷினின் முதுகைக்கூடக் கழற்றவில்லை. "போர்டு போச்சு சார். மாத்திடலாம்." எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு ஒரு சின்ன வாஷிங் மெஷினே வாங்கலாம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கும். போர்டு என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும். நான் பார்க்கும் வேலையிலும் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுங்க என்கிற மந்திரம் ஒன்று உண்டு.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. மெஷின் நிற்பதில் ரெண்டு வகை இருக்கிறது. ஒன்று, பயந்து நிற்பது. பஞ்சு வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது பின்னால் சூடான காற்று போகும் குழாய் சுவரோடு நசுங்கியிருக்கும். உள்ளே சூடு ஏறும், பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் ஹீட்டரை வெட்டிவிடும். மோட்டார் சூடானால் அதற்கென்று இருக்கும் காவல் அதை நிறுத்தும். அப்படி நிற்கும்போது பாட்டெல்லாம் பாடாது. பேசாமல் நிற்கும், அரைமணி ஆறினால் மறுபடி ஓடும், இல்லாவிட்டால் ஏதாவது எரர் எண் காட்டும். இன்னொன்று, வேலை முடிந்தது என்று நம்பி நிற்பது. எங்கள் மெஷின் பாடிவிட்டு நின்றது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் புரோகிராம் கிராஷ் ஆகவில்லை, ஜீரோ என்று எக்ஸிட் கோட் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வெளியே வந்திருக்கிறது. கிராஷ் ஆவதைக் கண்டுபிடிப்பது சுலபம். தப்பாக 'சக்ஸஸ்' சொல்லும் புரோகிராம்தான் ஆளைக் கொல்லும்.

அது சொன்னது பொய் என்பதற்கு மெஷினைத் தொடாமலே கணக்குப் போடலாம். ஸ்பின் முடிந்து வரும் 5 கிலோ துணியில் ஏறக்குறைய 3 கிலோ தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 0.65 யூனிட் மின்சாரம் வேண்டும். எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் தண்ணீர் கேட்கும் கூலி அதுதான். ஹீட் பம்ப் வைத்த மெஷின்கள் வெளியே போகும் சூட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வதால் கரண்ட் பில் குறையும், கூலி குறையாது. எங்களுடையது சாதாரண ஹீட்டர், 2000 வாட். முக்கால் மணி நேரத்தில் ஒன்றரை யூனிட். ஒரு சொட்டுச் சூடுகூட வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 2.3 கிலோ தண்ணீருக்குத்தான் அது காணும். குறைந்தது முக்கால் லிட்டர் தண்ணீர் துணிக்குள் இருக்கும்போதே முடிந்தது என்கிறது.

யாரைக் கேட்டு அப்படிச் சொல்கிறது?

டிரம்முக்கு முன்பக்கம், பஞ்சு வடிகட்டி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ரெண்டு பளபளப்பான உலோகப் பட்டைகள் இருக்கும். விரல் நீளம். பார்த்தால் அலங்காரம் என்று நினைப்போம். அவைதான் மெஷினின் கை. உருளும் துணி ரெண்டு பட்டையையும் ஒரே நேரத்தில் தொடும்போது, ஈரத் துணி என்றால் கொஞ்சம் மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். காயக் காயப் பாய்ச்சல் குறையும். ஒரு அளவுக்குக் கீழே போனால் 'காய்ந்தது'. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஈரம் என்றால் என்னவென்று தெரியாது. பட்டைக்குப் பட்டை கரண்ட் போகிறதா என்பது மட்டும் தெரியும். தண்ணீரில் உப்பு அதிகம் இருந்தால் கூடுதலாகப் பாயும், குறைவாக இருந்தால் குறைவாகப் பாயும். இதற்காகவே சில ஐரோப்பிய மெஷின்களில் உங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஏற்ப அளவை மாற்றிக்கொள்ள ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். எங்கள் போர்த் தண்ணீரின் உப்புக்கு, நியாயமாக மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ரெண்டு சோதனை செய்தேன். முதலில் சென்சாரைக் கேட்காத, வெறும் நேரக்கணக்கில் ஓடும் புரோகிராமில் 90 நிமிஷம் போட்டேன். சொன்ன சொல் தவறாமல் 90 நிமிஷம் ஓடியது, துணி காய்ந்தது. ஆக மோட்டார், ஹீட்டர், காற்று எல்லாம் நலம். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரின் ரெண்டு முனையையும் பட்டைகளின் பின்னால் வரும் ஒயர்களில் வைத்து, பட்டைகள்மேல் நனைத்த துண்டைப் போட்டேன். மீட்டர் மெகா ஓம் கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் சொட்டும் துண்டு அது. மெஷினின் கைக்கு உறை போட்டிருக்கிறது.

பட்டையை நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி மெல்லிசாக ஏதோ வந்தது. முகர்ந்தால் மல்லிகை.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள எண்ணூர்க் குப்பத்திலிருந்து ஒரு அக்கா வருகிறார். துவைப்பது அவர் பொறுப்பு. வாசனை கண்டிஷனரை மூடியளவுக்கு மூன்று பங்கு ஊற்றுவார். துணியை மிருதுவாக்குவதே அதில் இருக்கும் வழவழப்புதான், நூலின்மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். ட்ரையரில் உருளும்போது அது பட்டைகளிலும் ஏறும். நாள்பட ஏறினால் துணி ஈரமாகவே இருந்தாலும் கரண்ட் தாண்டாது.

"அக்கா, இதைக் கொஞ்சம் கொறச்சு ஊத்தலாமா?" என்றேன்.

அவர் உடனே சரி சொல்லவில்லை. அப்பா தூங்குகிறாரா என்று ஒருதடவை எட்டிப் பார்த்தார். "தம்பி, உங்க அப்பாரு எம்மாம் சுத்தமான மனுசன்னு அம்மா சொல்லுது. ஒறம்பரை வந்தா மூக்க சுருக்கிகினு நிக்குதுங்கோ. அவருக்குப் பேச்சு வரலன்னாலும் அத்தெல்லாம் பாக்குறாரு. வாசனையா இருந்தா நாலு நிமிசம் உக்காந்து பேசிட்டுப் போவாங்கோ."

இதற்குப் பதில் எந்த மேனுவலிலும் இல்லை. கண்டிஷனரைத் துணியில் ஊற்றுவதற்குப் பதிலாக, அறையில் ஒரு கிண்ணத்தில் வைக்கலாம் என்று அம்மா ஒரு வழி சொன்னாள். அக்கா பாதி மனசோடு ஒத்துக்கொண்டார். பட்டைகளைத் துடைக்க எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் முதுகுக்குத் தடவ வைத்திருந்த ஸ்பிரிட்டும் பஞ்சும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தன. நாலு பஞ்சு பழுப்பாகி வந்தது. மறுபடி ஈரத் துண்டு, மறுபடி மீட்டர். இந்தத் தடவை கிலோ ஓமுக்கு இறங்கி அங்கேயே நின்றது.

துண்டும் லுங்கியும் அன்றைக்கே ஒழுங்காகக் காய்ந்தன. பெட்ஷீட் மட்டும் காயவில்லை. ஒரு மணி நேரம் பத்து நிமிஷத்தில் நின்றது. வெளியே எடுத்துத் தொட்டால் மொறமொறவென்று இருந்தது. பிரித்தால் நடுவில் கைப்பிடி அளவு ஈரம்.

பெரியப்பா சாயங்காலம் அப்பாவோடு உட்கார வருவார். தீப்பெட்டிக் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர், பாதிக் காலம் குச்சி உலர்த்தும் பக்கம். தீக்குச்சி செய்வதில் நெருப்பைவிடத் தண்ணீரோடுதான் அதிக வேலை. மரத்தை ஏடாக உரித்து, குச்சியாக நறுக்கி, அணைந்தபின் கனன்றுகொண்டு இருக்காமலிருக்க ஒரு உப்புக் கரைசலில் ஊறப்போட்டு, சூடான காற்றில் உருட்டிக் காயவைப்பார்கள். கிட்டத்தட்ட ட்ரையர்தான், அளவு பெரிசு. அப்புறம் மெழுகு, அப்புறம் மருந்து. மருந்துத் தலையை அவசரப்பட்டுக் காயவைத்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும், வெடிப்பு விடும். கம்பெனி பிறந்த அதே 1923இல்தான் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்ட அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊர் திரும்பிச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். மழை குறைந்த அந்த ஊரில் வெயிலே உலர்த்தும் கூடம். இங்கே கடலோரத்தில் அதற்கு மெஷின் வேண்டியிருந்தது.

பெட்ஷீட் உருண்டையைப் பெரியப்பா மடியில் வைத்துப் பிரித்தார். "மேல காஞ்சிருக்கு, உள்ள காயல. உன் மிஷின் மேலதானடா தொட்டுப் பாக்குது?"

"உங்க கம்பெனில எப்படிப் பெரியப்பா பாப்பீங்க?"

"மீட்டர்லாம் அப்புறம் வந்துச்சு. நாங்க ஒரு பிடி குச்சி எடுத்து ஒடிப்போம். காஞ்சதுன்னா டக்குனு ஒரு சத்தம். ஈரம்னா சத்தமே வராது, நாரு நாரா வளையும்."

அவர் சொன்னதும் சரியாகப் பொருந்தியது. பெரிய ஷீட்டுகள் டிரம்மில் உருளும்போது ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு பந்தாகிவிடும். பந்தின் வெளிப்பக்கம்தான் பட்டையைத் தொடும். வெளிப்பக்கம் காய்ந்துவிட்டது உண்மை. மெஷின் பொய்யே சொல்லவில்லை, தொட்டதைச் சொல்கிறது. அறிகுறி ஒன்று, காரணம் ரெண்டு. முதல் காரணத்தைச் சரிசெய்ததும் வேலையை மூடிவிட்டுப் போகிறவர்களால்தான் சாஃப்ட்வேரில் ராத்திரி ரெண்டு மணி போன்கால்கள் உருவாகின்றன.

இதற்குச் சந்தையில் உருண்டைப் பந்துகள் விற்கிறார்கள், துணிக்கு நடுவே போட்டால் சுருளாது என்று. ஓரளவு உண்மை. அம்மாவின் வழி அதைவிட மலிவு. அரைமணி ஆனதும் நிறுத்தி, ஷீட்டை வெளியே எடுத்து, ரெண்டு பேர் ரெண்டு முனை பிடித்து உதறி, உள்ளே இருந்தது வெளியே வரும்படி மறுபடி போடுவது. நாலு ஷீட்டை ஒரே ஈடாகப் போடாமல் ரெண்டு ஷீட்டோடு துண்டுகளைக் கலந்து போடுவது. வண்ணாரப்பேட்டையில் கம்பெனித் துணியை வெளுத்தவர்களுக்கும் வேலை அதுதான். தண்ணீர் தெளி, விரி, காயவிடு, திரும்பத் தெளி, புரட்டு. துணி தானாகப் புரளாது என்று அவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 1938இல் விற்பனைக்கு வந்த ஆரம்பகால மின் ட்ரையர் ஒன்றுக்கு 'ஜூன் டே' என்று பெயர். வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ராஸ் மூர் என்பவர், பனியில் போய்த் துணி காயப்போடும் தன் அம்மாவுக்காக யோசித்ததில் தொடங்கியது என்று அதற்கொரு கதை சொல்வார்கள். எப்போதும் ஜூன் மாத வெயில் என்பது விளம்பர அர்த்தம். எங்கள் ஊர் ஜூனில் ஒரு மணி நேரத்தில் பெட்ஷீட் காய்ந்துவிடும், கரித்தூளோடு. அந்த விளம்பரம் எழுதியவருக்கு விம்கோ நகர் மொட்டைமாடியைக் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

இப்போது எங்கள் ஏற்பாடு இது. ஞாயிற்றுக்கிழமை பட்டைகளை ஸ்பிரிட்டால் துடைப்பது என் வேலை. பஞ்சு வடிகட்டி ஒவ்வொரு ஈட்டுக்கும் அக்கா. மெஷின் பாடினால் யாரும் நம்புவதில்லை. ஷீட் முதலில் அம்மாவிடம் போகும். அவள் உள்ளங்கையால் தொடுவதில்லை, அது அடுப்படியில் காய்ச்சிப்போன கை, அதற்குச் சூடும் ஈரமும் ஒன்றாகத் தெரிகிறதாம். ஓரத்தில் மூன்றாக மடித்துத் தைத்திருக்கும் தையலைப் பிதுக்கிப் பார்ப்பாள். கடைசியாகக் காய்வது அந்த இடம்தான். அப்புறம் நடுப்பகுதியைக் கன்னத்தில் வைப்பாள். அப்பாவின் வலது இடுப்புக்கு அடியில் வரப்போகும் பகுதி எது என்று அவளுக்கு ஒவ்வொரு ஷீட்டிலும் கணக்கு உண்டு, அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் கன்னம் இருக்கும்.

நேற்று தையலைப் பார்த்தாள், நடுவைப் பார்த்தாள், திரும்பவும் தையலைப் பார்த்தாள். ஷீட்டை என் தோளில் போட்டாள்.

"இன்னும் பத்து நிமிஷம் போடுடா. அந்த டைம் வெச்சு ஓடுறதுல போடு."